சீன வாத்து (கூஸ்): முட்டைக்குக் குறைவில்லை, குஞ்சுதான் வரவில்லை. தப்பு எங்கே?

#1 | குளக்கரை வீடு (செங்கல்பட்டு)

விவரத்தை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன், கேள்வி கேட்டுக் கேட்டு உங்கள் நேரம் போக வேண்டாம்.

வெள்ளை சீன வாத்து. 1 ஆண், 3 பெட்டை. நாலுக்கும் ஒன்றரை வயது, ஒரே இடத்தில் வாங்கியவை. ஐப்பசிக் கடைசியில் முட்டை ஆரம்பம். குஞ்சு பொரிக்கும் மெஷினில் வைத்தது 18. அதில் 7 கூமுட்டை, 3 பாதியில் நின்றது, 6 கடைசி இரண்டு நாளில் ஓட்டுக்குள்ளேயே செத்தது, 2 குஞ்சு.

மெஷின்: தெர்மோகோல் பெட்டி, மின்விசிறி உண்டு, 37.5 டிகிரி. ஈரப்பதம் தொடக்கம் முதல் கடைசி வரை 65 முதல் 70. முட்டைகளை அடுப்படி அலமாரியில் சேர்த்து, அதிகபட்சம் 12 நாள் வரை வைத்திருந்து ஒன்றாக வைத்தேன். தீவனம்: கோழி லேயர் தீவனமும் கடலைப் புண்ணாக்கும். தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் டப், முக்கால் அடி ஆழம்.

மெஷினை மாற்ற வேண்டுமா?

#2 | கூமுட்டை கணக்கு

மெஷினை மாற்றாதீர்கள். உங்கள் 16 நஷ்டமும் ஒரே நோய் இல்லை, மூன்று வெவ்வேறு கணக்கு. ஒன்றாகக் கூட்டினால்தான் மெஷின் மேல் பழி விழும்.

முதலில் அந்த 7. லைட் அடித்துப் பார்த்து "தெளிவாக இருக்கு, கூமுட்டை" என்று எறிந்திருப்பீர்கள். தெளிவாகத் தெரிவதெல்லாம் ஆண் சேராத முட்டை ஆகாது. இரண்டாம் மூன்றாம் நாளில் செத்த கருவும் லைட்டில் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். அடுத்த முறை பத்தாம் நாளில் ஒதுக்கும் ஒவ்வொன்றையும் வெள்ளைத் தட்டில் உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் இரத்த வளையமோ, பால் படலம் போல் அகலமாகப் பரவிய வட்டமோ இருந்தால் கரு பிடித்து நின்றிருக்கிறது. சின்னதாக, ஓரம் ஒழுங்கில்லாத வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் உண்மையான கூமுட்டை. முதல் வகை என்றால் சேமிப்பில் தப்பு. இரண்டாம் வகை என்றால் ஆணைப் பார்க்க வேண்டும். பத்து நாள் சூட்டில் இருந்த முட்டையில் குழப்பம் வரலாம், அதனால் அன்றன்று விழும் முட்டையில் வாரம் ஒன்றைச் சமையலுக்கு உடைக்கும்போதும் பாருங்கள். புது முட்டையில் கரு பிடித்திருந்தால் நடுவில் தெளிவும் சுற்றி வெள்ளை வளையமுமாக, தட்டுவடை ஓட்டை போட்டது மாதிரி வட்டமாக இருக்கும்.

எனக்கு அந்த அடுப்படி அலமாரி மேல்தான் சந்தேகம். ஏறக்குறைய 20, 21 டிகிரிக்கு மேலே போனால் கரு மெல்ல வளரத் தொடங்கும். 30 டிகிரியில் 12 நாள் என்றால் முழுசாக வளரவும் முடியாமல், தூங்கவும் முடியாமல் அலைந்து செத்துவிடும். மெஷினுக்குள் போவதற்கு முன்பே பாதி முட்டை போயிருக்கலாம்.

#3 | வேலிமசால் (ஈரோடு பக்கம்)

சேமிப்புக்குப் புத்தகத்துல 13 முதல் 15 டிகிரினு போட்டிருக்குங்க. நம்ம வீட்டுல அந்தச் சூடு எங்க இருக்கு? ஏசி ரூம்லயே 24தான்.

செய்யக்கூடியது இதுங்க. அகலமான மண் தொட்டியில 10 செ.மீ. ஆத்து மணல், அதுக்கு மேல சின்ன மண்பானை, சுத்தி ஈர மணல், பானை வாய்க்கு ஈரச்சாக்கு. நிழல்ல, காத்து வர்ற இடத்துல. உள்ள தண்ணி படக்கூடாது, முட்டை ஈரமாச்சுன்னா கிருமி ஓட்டுக்குள்ள இறங்கிரும். காத்து வறண்ட ஊருன்னா வெளியை விட அஞ்சாறு டிகிரி குறையும். ஆனா செங்கல்பட்டு மாதிரி ஈரக்காத்து ஊருல ரெண்டு டிகிரி குறைஞ்சாலே அதிகம். அதனால உங்களுக்கு வழி ஒண்ணுதான்: 4 நாளைக்கு மேல சேர்க்காதீங்க. மூணு பெட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா 4 நாள்ல ஆறு முட்டை. ஆறு போதும், வச்சிருங்க. அடுத்த ஆறு அடுத்த தடவை.

வச்சிருக்கிற நாள்ல படுக்க வச்சு, தினம் ஒரு தடவை புரட்டணும்.

#4 | கரையோரம்

ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் வைப்பது பற்றிப் பலரும் சொல்கிறார்கள். அங்கே 8 முதல் 10 டிகிரி இருக்கும். பழைய ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜ் என்றால் தட்டில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும்.

#5 | கூமுட்டை கணக்கு

அதை ஒரு வாரத்துக்கு நம்பலாம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். குளிரில் வைத்து எடுத்தால் இன்னொரு சிக்கல்: நம் ஊர்க் காற்றில் உடனே ஓட்டில் வியர்க்கும். அந்த ஈரத்தோடு மெஷினில் போனால் பத்தாம் நாளில் நாற்றம், சில சமயம் வெடிப்பு. எடுத்த முட்டையை மூடிய அட்டைப் பெட்டியிலேயே ஆறேழு மணி நேரம் விட்டு, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்கவும். 25 டிகிரிக்குக் கீழே அறை கிடைக்காதவர்களுக்கு, மூன்று நான்கு நாள் தாங்க, காய்கறித் தட்டு பரவாயில்லை. கதவுத் தட்டு கூடாது, திறந்து மூடும் குலுக்கல் வேறு.

#6 | கரையோரம்

ஒப்புக்கொள்கிறேன். இப்போது அந்த 6 பற்றி, ஓட்டுக்குள் முழுசாக வளர்ந்து செத்தவை. இதற்குக் காரணம் உங்கள் 65, 70 ஈரப்பதம். கடலோரத்தில் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இது.

முட்டை மெஷினில் இருக்கும் நாளெல்லாம் ஓட்டுத் துளை வழியாக நீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். போன இடத்தில் காற்றறை பெரிதாகும். குஞ்சு முதலில் காற்றறைக்குள் மூக்கை விட்டு மூச்சிழுத்துப் பழகி, அப்புறம்தான் ஓட்டைக் கொத்தும். நீர் போகாவிட்டால் காற்றறை சிறுத்துவிடும், குஞ்சு வீங்கித் தடித்து, திரும்ப இடமில்லாமல் தன் நீரிலேயே மூழ்கிச் சாகும். உடைத்துப் பார்த்தால் ஈரமாக, கொழகொழவென்று, கழுத்து வீங்கி இருந்திருக்குமே?

கூஸ் முட்டை, ஓட்டில் கொத்து விழும் (குஞ்சு உள்ளிருந்து முதல் ஓட்டை போடும்) நாளுக்குள் தன் எடையில் 13 முதல் 15 சதவீதம் இழக்க வேண்டும். 14 என்று வையுங்கள். 150 கிராம் முட்டை 28 நாளில் 21 கிராம் இழக்கணும், அதாவது நாளைக்கு முக்கால் கிராம். பத்தாம் நாள் 142.5, பதினாலாம் நாள் 139.5, இருபத்தோராம் நாள் 134 சொச்சம், இருபத்தெட்டாம் நாள் 129. நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு முன்னூறு நானூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஓட்டில் பென்சிலால் எண்ணும் தொடக்க எடையும் எழுதி (மார்க்கர் மை வேண்டாம்) ஐந்து நாளுக்கு ஒருமுறை நிறுங்கள். எடை குறைவது மெதுவாக இருந்தால் ஈரத்தைக் குறை, வேகமாக இருந்தால் கூட்டு. அவ்வளவுதான். ஈரப்பதமானி காட்டும் எண் வழிகாட்டி, தராசு காட்டுவது தீர்ப்பு.

இன்னொன்று. பலருக்குப் புரியாத இடம் இது. வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் ஈரப்பத சதவீதம் தானாக இறங்கும். மழைக்கால இரவு, வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால், அதே காற்று 37.5 டிகிரிக்குச் சூடானதும் 47 சதவீதம் ஆகிவிடும். கூஸ் முட்டைக்கு முதல் 25 நாளுக்கு அதுவே ஏறக்குறைய போதும். அப்படியென்றால் ஐப்பசி, கார்த்திகையில் செங்கல்பட்டில் தண்ணீர்த் தட்டே தேவையில்லை! மாறாக மாசியில் ஈரோட்டு வெயிலில் 30 டிகிரி, 40 சதவீதம் என்றால் உள்ளே 26தான் நிற்கும், அங்கே தட்டில்லாமல் முடியாது. ஒருவர் மெஷின் அமைப்பை இன்னொருவர் அப்படியே காப்பியடித்தால் ஒரு ஊரில் மூழ்கும், இன்னொரு ஊரில் காயும்.

#7 | குளக்கரை வீடு

மூன்று முட்டையை மட்டும் முதல் நாளும் 27-ஆம் நாளும் நிறுத்திருந்தேன், ஏன் என்று தெரியாமலேயே. 148 கிராம் 137 ஆகியிருந்தது. மற்ற இரண்டும் அந்த அளவே. ஆமாம், உடைத்தபோது கழுத்து வீக்கம் இருந்தது.

#8 | கரையோரம்

11 கிராம், ஏழரை சதவீதம்கூட இல்லை. பாதிதான் போயிருக்கிறது. சந்தேகமே வேண்டாம்.

மெஷினோடு வந்த ஈரப்பதமானியையும் சோதித்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் கல்லுப்பு போட்டு, கூழ் மாதிரி ஆகும் அளவு மட்டும் சொட்டுத் தண்ணீர் விட்டு, அதையும் ஈரப்பதமானியையும் ஒரு ஜிப் பையில் போட்டு எட்டு மணி நேரம் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் அது எப்போதும் ஏழு குறைத்துச் சொல்கிறது. சூட்டுக்கு: மருந்துக்கடைக் காய்ச்சல் மானியை முட்டையின் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

#9 | உமி மூட்டை

புரட்டுவது பற்றி யாரும் பேசவில்லையே. கோழி முட்டைத் தட்டில் கூஸ் முட்டையைக் கூர்முனை கீழாக நிறுத்தி, 45 டிகிரி சாயும் ஆட்டோ டர்னரை நம்பினால், பாதியில் நிற்கும் அந்த 3-க்கு அதுவும் காரணமாகலாம். இந்த முட்டை பெரிது, வெள்ளைக்கரு கனம். படுக்க வைத்து 180 டிகிரி புரட்ட வேண்டும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். ஒரு நாளில் 3 அல்லது 5 முறை, ஒற்றைப்படை, அப்போதுதான் நீண்ட இரவில் தினமும் ஒரே பக்கம் கிடக்காது. ஒருமுறை வலமாகப் புரட்டினால் அடுத்தமுறை இடமாக. ஒரே திசையில் உருட்டிக்கொண்டே போனால் மஞ்சள் கருவைப் பிடித்திருக்கும் முறுக்குக் கயிறு இறுகும்.

குளிரவிடுதல்: எட்டாம் நாள் தொடங்கி தினம் ஒரு முறை மூடியைத் திறந்து 10 முதல் 15 நிமிடம். தாய் கூஸ் தினமும் எழுந்துபோய் மேய்ந்து, நீரில் நனைந்து வரும் அந்த இடைவேளைதான் இது. கண் இமையில் வைத்தால் முட்டை சூடும் இல்லை, குளிரும் இல்லை என்ற பக்குவத்தில் மூடிவிட வேண்டும். பெரிய கருவுக்குக் கடைசி பத்து நாளில் அதன் சொந்தச் சூடே அதிகம், விசிறி மெஷினில் அது வெளியேற இந்தக் குளிர்ச்சி வேண்டும். வெதுவெதுப்பான நீர் தெளிப்பது வறண்ட ஊருக்கு. உங்களுக்கு எடை சரியாக இறங்கும் வரை தெளிப்பு வேண்டாம், குளிர்ச்சி மட்டும்.

புரட்டலை 27-ஆம் நாள் நிறுத்துங்கள். கொத்து விழுந்தபின் ஈரம் 75-க்கு மேல். அது ஒன்றுதான் உங்கள் 70-க்கு உரிய இடம்!

#10 | வேலிமசால்

கடலைப் புண்ணாக்குனு படிச்சதும் திக்குனு ஆச்சுங்க. இதை இழையில தனியா, பெருசா எழுதணும்.

1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சு என்ன நோய்னே தெரியாம செத்துச்சு. காரணத்தைத் தோண்டினப்ப பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதுல இருந்த பூஞ்சணத்தோட விஷம்தான் அஃப்ளடாக்சின். அதைக் கண்டுபிடிச்சதே அப்பதான். அந்த விஷத்தைச் சோதிக்க அன்னைக்கு ஆய்வுக்கூடத்துல பயன்படுத்தினது வாத்துக்குஞ்சு. ஏன்னா கோழி தாங்குற அளவை வாத்தினம் தாங்காது, கல்லீரல் உடனே கெட்டுரும். செக்கு ஓரத்துல, ஈரச்சாக்குல கிடந்த புண்ணாக்கை மாடு தாங்கும். கூஸ் தாங்காது. முட்டை குறையும், கரு பாதியில நிக்கும், குஞ்சு எடையே ஏறாது. உங்க பாதியில நின்ன மூணுக்கு இதையும் சேர்த்துக்குங்க.

புரதத்துக்கு சோயாப் புண்ணாக்கு போடுங்க. மக்காச்சோளமும் அதே கதைதான்: கொட்டையோட அடிமுனை கருப்பா, பச்சைத் தூளா, முகர்ந்தா ஈர மண் வாசம் அடிச்சா தூக்கி எறிங்க. கழுவிக் காய வச்சா விஷம் போயிரும்னு நினைக்காதீங்க, போகாது. வேக வச்சாலும் போகாது.

#11 | கூமுட்டை கணக்கு

லேயர் தீவனம் பற்றியும். அது சாப்பாட்டு முட்டைக்கான கலவை. கோழி முட்டைக்குக் கால்சியம் நாலு சதவீதம் வரை இருக்கும். குஞ்சு வளர வேண்டிய முட்டைக்குத் தேவையான உயிர்ச்சத்து ஈ, ரைபோஃபிளேவின் போன்றவை அதில் குறைவு. கரு பாதியில் நிற்பதற்கு அதுவும் ஒரு வழி. ஆணுக்கு அந்தக் கால்சியம் சிறுநீரகத்தில் தேங்கும். இனப்பெருக்கக் கோழிக்கான பிரீடர் தீவனம் கிடைத்தால் முட்டைப் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே மாறுங்கள். புரதம் 15, 16 போதும். கிளிஞ்சல் ஓட்டை உடைத்துத் தனித் தட்டில் வையுங்கள், தேவைப்படும் பெட்டை தானே தின்னும்.

அளவு: புல் நன்றாக இருந்தால் பருவத்தில் தலைக்கு 150 முதல் 200 கிராம், மற்ற நாளில் 50 முதல் 100. வயிறு தரையைத் தொட்டு ஆடி நடக்கும் கூஸ் பார்க்க அழகுதான், ஆனால் கூமுட்டைதான் போடும். இது மேய்ச்சல் பறவை. அருகம்புல் தரைதான் இதற்குச் சாப்பாட்டு மேசை. புல்லை மட்டும் நம்பினால் ஒரு ஜோடிக்கு ஐந்து சென்ட் வேண்டும். இல்லாதவர்கள் குதிரைமசால், வேலிமசால், முருங்கைக்கீரையை இரண்டு செ.மீ. அளவுக்கு நறுக்கிக் கொடுங்கள். நேப்பியர் புல்லை நீளமாகப் போட்டால் தொண்டைப்பையில் கயிறு மாதிரிச் சுருண்டு அடைக்கும். அரளி, ஆமணக்கு வேலிக்குள் இருக்கவே கூடாது. கூடவே பொடிக்கல் ஒரு தட்டு.

#12 | தாரா வளவு (யாழ்ப்பாணம்)

எல்லாரும் மெஷினைப் பற்றியே கதைக்கிறீங்கள். மூண்டு பெட்டை இருக்குதெண்டால் ஒண்டாவது அடைக்கு இருக்குமே? சீன இனம் மற்றதைவிட அடைக்கு இருக்கிறது குறைவு எண்டது உண்மைதான், ஆனாலும் முட்டையை எடுக்காமல் விட்டால் ஒன்பது பத்து சேர்ந்த பிறகு சிலது இருக்கும். அடையாளம்: கூட்டில நெஞ்சுத் தும்பைப் பிய்ச்சுப் போடும், கிட்டப்போனால் சீறும், எழும்பி வரேக்குள்ள முட்டையை வைக்கோலால மூடிப்போட்டு வரும்.

கூட்டுக்குப் பழைய கார் டயர் நல்லது. நிழலில வைச்சு, அடியில மண், மேல வைக்கோல். பள்ளம் இருக்கிறபடியால் முட்டை உருண்டு போகாது. ஒரு பெட்டைக்கு 8 முதல் 10 முட்டைக்கு மேல வேண்டாம். முட்டையெல்லாம் ஒரே நாளில வைக்கவேணும். அதுவரைக்கும் சுண்ணாம்பில செய்த பொய் முட்டை இரண்டு கூட்டில கிடக்கட்டும்.

மணிலா வாத்து இருந்தால் இன்னும் திறம். அதின்ர சொந்தக் கணக்கே 35 நாள், அதால கூஸ் முட்டையின்ர 30 நாளுக்குப் பொறுமை போகாது. ஆறு முட்டை தாங்கும். ஊர்க்கோழிக்கு மூண்டு அல்லது நாலு வைக்கலாம், ஆனால் அது 21 நாளில எழும்பிப் போற கதையும் இருக்கு. இந்தப் பெரிய முட்டையைப் புரட்ட அதுக்குப் பலமும் காணாது. கோழி தீன் தின்ன எழும்பேக்குள்ள நீங்கள்தான் புரட்டவேணும்.

#13 | உமி மூட்டை

@குளக்கரை வீடு, "1 ஆண்" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி முடிவு செய்தீர்கள்? நாலில் இரண்டு ஆணாக இருந்து சண்டையிலேயே பருவம் போனால்கூட கூமுட்டை வரும். சீன வாத்தில் மூக்குக் கட்டி ஆணுக்குப் பெரிதாக, முன்னே துருத்தி நிற்கும். குரல் இன்னும் நம்பகம்: ஆண் கீச்சுக் குரலில் விடாமல் கத்தும், பெட்டை கட்டைக் குரலில், இடைவெளி விட்டு. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பூட்டிக் கேளுங்கள், கூட்டத்தில் கேட்டால் தெரியாது. உறுதியான வழி ஆசனவாய் திறந்து பார்ப்பது. குஞ்சு ஒரு நாள் வயதிலேயே தெரியும், ஆனால் பழக்கமில்லாதவர் அழுத்தினால் குஞ்சு போய்விடும்.

ஜோடி என்று சந்தையில் கட்டித் தருவது ஒரே அடையின் அண்ணன் தங்கையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதிலும் பொரிப்பு குறையும். அடுத்த வருடத்துக்கு ஆணை மட்டும் வேறு மாவட்டத்திலிருந்து, முட்டைப் பருவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கொண்டுவாருங்கள். கடைசி நேரத்தில் விட்டால் பெட்டைகள் ஏற்காது. ஆணுக்கும் பாரபட்சம் உண்டு. மூன்றில் ஒன்றைத் திரும்பியே பார்க்காது. எந்தப் பெட்டையின் முட்டை என்று குறித்து வைத்தால் 7 கூமுட்டையும் ஒரே மகராசியுடையது என்று தெரியவரலாம்.

#14 | கரையோரம்

டப்பும் போதாது. சீன இனம் தரையிலும் சேரும், ஆனால் முக்கால் அடி டப்பில் வழுக்கி, பாதியில் இறங்கிவிடும். பெட்டை மிதக்க வேண்டும். 6 அடிக்கு 4 அடி, ஒன்றரை அடி ஆழம், ஏறத்தாழ ஆயிரம் லிட்டர். உள்ளே இறங்கச் சாய்வு, சொரசொரப்பாக. அடியில் இரண்டு அங்குல வடிகுழாய், வாழைக்கோ தென்னைக்கோ திருப்பி விடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அது குளம் இல்லை, சாக்கடை. செத்த எலி, அழுகிய தீவனம் கிடந்து வெயிலில் காய்ந்த குட்டையில் நீர் குடித்தால் கழுத்து துவண்டு விழும், அது பாட்டுலிசம் என்ற கிருமி நஞ்சு நோய்.

டூலூஸ், எம்டன் மாதிரி கனத்த இனத்துக்குக் குளம் இல்லாவிட்டால் கரு பிடிப்பது குறையலாம். சுருள் இறகு செபஸ்டோபால் வைத்திருப்பவர்கள் ஆண், பெட்டை இரண்டுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இறகைப் பருவத்துக்கு முன் கத்தரியுங்கள், இல்லையென்றால் சேருவதற்கு அது தடையாகும். அந்த இறகு தண்ணீரை உதறாது, சேற்றில் விட்டால் தரை துடைத்த மாப்பு மாதிரி ஆகிவிடும். காசு கொடுத்து வாங்கும் முன் யோசிக்கவும்.

#15 | புது உறுப்பினர்

வெளிநாட்டு வழிகாட்டியில் பல்பு போட்டு 14 முதல் 16 மணி வெளிச்சம் கொடுத்தால் முட்டை கூடும் என்று இருக்கிறதே?

#16 | கூமுட்டை கணக்கு

வேண்டாம். ஐரோப்பிய இனங்கள் காட்டு கிரேலாக் வாத்தின் வழி வந்தவை, பகல் நீளும் வசந்தத்தில் முட்டையிடும். மூக்குக் கட்டி உள்ள சீன, ஆப்பிரிக்க இனங்கள் ஆசியாவின் அன்ன வாத்தின் வழி. தென்சீனத்தின் குவாங்தோங்கில் வளர்க்கும் மாகாங் வாத்து நேர்மாறாக, பகல் குறையும்போது முட்டையைத் தொடங்கி, நீளும்போது நிறுத்தும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், நம் பறவைகள் குளிர் மாதங்களில் போடுவதும் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. பல்பு போட்டால் பருவத்தைச் சுருக்கிக்கொள்வீர்கள்.

#17 | குளக்கரை வீடு

பிழைத்த 2 குஞ்சுக்கு இப்போது 9 நாள். ஒன்று கால் வளைந்து, முட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கிறது. பிராய்லர் ஸ்டார்ட்டர் (கறிக்கோழிக் குஞ்சுத் தீவனம்) போடுகிறேன். தரையில் செய்தித்தாள்.

#18 | வேலிமசால்

செய்தித்தாளை இப்பவே உருவுங்க. வழுக்குத் தரையில கால் விரிஞ்சு போகும். சாக்கு விரிச்சு அதுக்கு மேல உமி.

வளைவுக்குக் காரணம் பெரும்பாலும் நியாசின்கிற பி வைட்டமின் குறைவு. வாத்தினக் குஞ்சுக்குக் கிலோ தீவனத்துல 55 மில்லிகிராமுக்கு மேல வேணும், கோழித் தீவனத்துல அவ்வளவு கணக்கு பண்ணிப் போடமாட்டாங்க. பி காம்ப்ளெக்ஸ் கேப்ஸ்யூல் அட்டையில நிக்கோட்டினமைடு (நியாசினோட இன்னொரு வடிவம்) எத்தனை மில்லிகிராம்னு பாருங்க. 4 லிட்டர் குடிநீருக்கு 100 முதல் 150 வர்ற மாதிரி கரைச்சு, தினம் புதுசா கலக்குங்க. ரெண்டு மூணு நாள்லயே தெம்பு தெரியும். புரூவர்ஸ் ஈஸ்ட் கிடைச்சா ஒரு கப் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. ரொட்டிக்கடை ஈஸ்ட் உயிரோட இருக்கும், அதைப் போட்டுராதீங்க, வயிறு உப்பும்.

மூட்டையில மருந்து லேபிளையும் படிங்க. இரத்தக்கழிச்சலுக்குக் கலக்குற சாலினோமைசின், மோனென்சின் மாதிரி மருந்து வேண்டாம். வாத்தினம் கோழியை விட உடம்புக்கு அதிகமாத் தின்னும், மருந்தும் அதிகமா உள்ள போயிரும்.

#19 | உமி மூட்டை

மூன்றாம் வாரத்துக்கு மேல் அந்த ஸ்டார்ட்டரையும் குறையுங்கள். முதல் மூன்று வாரம் 20 சதவீதப் புரதம், பிறகு 15. தொடர்ந்து கொழுத்த தீவனம் போட்டால் இறக்கையின் முனை இறகு இரத்தம் நிறைந்து கனத்து, மணிக்கட்டு வெளிப்பக்கம் திரும்பிவிடும். ஏஞ்சல் விங் என்பது இதுதான். திரும்பத் தொடங்கிய அன்றே இறக்கையை இயல்பான மடிப்பில் வைத்து, ஒட்டும் துணிப்பட்டையால் அந்த இறக்கையை மட்டும் கட்டுங்கள், உடம்போடு சேர்த்து இறுக்க வேண்டாம். தினமும் அவிழ்த்துக் கொஞ்ச நேரம் ஆட்டவிட்டு மறுபடி கட்ட, நாலைந்து நாளில் சரியாகும். எலும்பு முற்றினபின் கட்டிப் பயனில்லை. பறவை நன்றாகத்தான் இருக்கும், கண்காட்சிக்கு ஆகாது.

சூடு முதல் வாரம் 32 டிகிரி, வாரம் மூன்று டிகிரி குறைக்கவும். நம் சித்திரையில் பகலில் பல்பே வேண்டாம். தண்ணீர்ப் பாத்திரம் மூக்குத்துளை முங்கும் ஆழம், குஞ்சு உள்ளே இறங்க முடியாத வாய். தாயில்லாக் குஞ்சின் தும்பில் எண்ணெய்ப் பூச்சு இல்லை, நனைந்தால் விறைத்துவிடும். தீவனம் இருக்கும் நேரமெல்லாம் தண்ணீரும் இருக்க வேண்டும், இல்லையென்றால் உலர்தீவனம் தொண்டையில் நின்றுவிடும்.

#20 | புது உறுப்பினர்

கூஸ் இருந்தால் பாம்பு வராது என்பது உண்மையா? அதற்காகத்தான் வாங்கப் பார்க்கிறேன்.

#21 | கரையோரம்

எச்சத்தின் வாடைக்குப் பாம்பு ஓடும் என்பது கதை. அசைவதைப் பார்த்து ஊரையே கூட்டும் என்பது உண்மை. நல்ல பாம்பு கொத்தினால் கூஸும் சாகும். சிந்திய தானியத்துக்கு எலி வந்து, எலிக்குப் பாம்பு வருவதும் உண்டு. கீரி, தெருநாய்க்கும் இது ஈடாகாது, இரவில் கம்பிவலைக் கூண்டு அவசியம், தலைக்கு ஏழெட்டு சதுர அடி. அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிய மனை என்றால் சீன இனம் வேண்டவே வேண்டாம். வீட்டு வாத்துகளிலேயே அதிகச் சத்தம் இதுதான், நிலா வெளிச்சத்துக்கும் கத்தும்.

இன்னொன்று, கூந்தங்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் பட்டைத்தலை வாத்து மாதிரிக் காட்டுப் பறவைகளை "அழகு வாத்து" என்று யாராவது விற்க வந்தால் தொடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டம், ஜாமீனுக்கு அலைய வேண்டிவரும்.

#22 | குளக்கரை வீடு

கால் வளைந்த குஞ்சு இன்று எழுந்து நிற்கிறது. புதிதாக 6 முட்டை, 3 நாள் சேமிப்பு, படுக்கையில், தட்டில் தண்ணீர் இல்லை. உள்ளே 49 காட்டுகிறது (உப்புச் சோதனையில் 4 குறைவாகக் காட்டியது, ஆக 53). பெட்டைகளுக்குக் காலில் கலர் வளையம் போட்டு முட்டையில் பெயர் எழுதியாச்சு. கடைசிக் கேள்வி இரண்டு: கொத்து விழுந்தபின் எவ்வளவு நேரம் பொறுப்பது? தடுப்பூசி உண்டா?

#23 | கூமுட்டை கணக்கு

53 கொஞ்சம் கூடுதல்தான். காற்றுத் துளையை இன்னும் கொஞ்சம் திறந்து, ஐந்தாம் நாள் எடை பார்த்து முடிவு செய்யுங்கள். 150 கிராம் முட்டை அன்று 146 சொச்சம் இருக்கணும்.

வெளியே கொத்து விழுந்ததிலிருந்து 24 மணி நேரம் கை வைக்காதீர்கள். கூஸ் குஞ்சு ஒன்றரை இரண்டு நாள்கூட எடுத்துக்கொள்ளும், கோழிக்குஞ்சு மாதிரி அவசரப்படாது. உள்ளே மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டும், சவ்வு நரம்பின் இரத்தத்தை உடம்புக்குள் வாங்கிக்கொண்டும் இருக்கிறது. 36 மணிக்கு மேல் அசைவு குறைந்து, சவ்வு காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தால் வெதுநீரில் நனைத்த பஞ்சால் ஈரமாக்கி, காற்றறைப் பக்கத்து ஓட்டை மட்டும் நகத்தளவு நகத்தளவாக எடுங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால் அப்படியே நிறுத்தி, மெஷினில் வைத்து ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரத்தம் சொட்டினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். தலை வெளியே வந்ததும் விடுங்கள், காலால் உதைத்து வெளியேறும் வேலையை அதுவே செய்யட்டும்.

வாத்து பிளேக் நோய் கூஸுக்கும் வரும், அதற்குத் தடுப்பூசி உண்டு. ஒரு குப்பியில் நூறு டோஸுக்கு மேல் இருக்கும், கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆறு பறவைக்காக யாரும் உடைக்கத் தயங்குவார்கள். சுற்றுவட்டாரத்தில் வாத்து மந்தை வைத்திருப்பவர் ஊசி போடும் நாளை கால்நடை மருந்தகத்தில் கேட்டுவைத்து, அன்று உங்கள் பறவைகளையும் கொண்டுபோங்கள். மந்தையோடு கலக்கவிடாமல் வண்டியிலேயே வைத்துப் போடச் சொல்லுங்கள். தூக்கும்போது உடம்பைக் கக்கத்தில் இடுக்கி, தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். இறக்கையையோ காலையோ பிடித்துத் தொங்கவிடாதீர்கள், கழன்றுவிடும்.